மாமி வீட்டுத் தேத்தண்ணியில் மிதந்த ஏடு

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஹஜ்ஜுப் பெருநாள். புதுச் சட்டையும் கை நிறைய மருதோன்றியுமாக, உம்மம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அட்டாளைச்சேனைத் தெருக்களில் வீடு வீடாகப் போனேன். எங்கள் ஊரில் பெருநாள் என்றால் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சலாம், ஒரு பலகாரத் தட்டு, ஒரு தேத்தண்ணி. ஐந்தாவதோ ஆறாவதோ வீடு, கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு மாமியின் வீடு. உம்மம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

மாமி எங்களை விறாந்தைக் கதிரையில் இருத்திவிட்டு, குசினிக்குள் போய் இரண்டு கோப்பை பிளேன்டி கொண்டுவந்தார். என் கோப்பையைக் குனிந்து பார்த்தேன். மேலே மெல்லிய ஏடு ஒன்று படர்ந்திருந்தது. வெயில் பட்ட இடத்தில் அது பளபளத்தது. கோப்பையை இலேசாக ஆட்டினேன். கண்ணாடி உடைந்தது போல ஏடு துண்டு துண்டாகப் பிரிந்தது.

"உம்மம்மா, இதுல எண்ணெய் மிதக்குது!"

சத்தமாகவே சொல்லிவிட்டேன். மாமியின் முகம் சுருங்கிப்போனது. "கோப்பைய நல்லாக் கழுவித்தானே ஊத்தின..." என்று கையைப் பிசைந்தார்.

உம்மம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "புள்ள, தேசிக்காத் துண்டு ஒண்டு இரிக்கா? காலையிலிருந்து தொண்ட ஒரு மாதிரியாக் கிடக்கு" என்றார். மாமி ஓடிப்போய் ஒரு தேசிக்காயை வெட்டிப் பீரிசில் வைத்துக் கொண்டுவந்தார். உம்மம்மா தன் கோப்பையில் கொஞ்சம் பிழிந்தார். என் கோப்பையிலும் பிழிந்தார். கரண்டி கோப்பையில் முட்டாமல் மெதுவாகக் கலக்கினார். ஏட்டைக் காணவில்லை! கறுஞ்சிவப்பாக இருந்த தேத்தண்ணி என் கண்முன்னே தேன் நிறத்துக்கு மாறியது. மாமியின் முகத்திலும் சிரிப்பு வந்தது.

திரும்பி வரும் வழியில் உம்மம்மா ஏசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கோப்பையப் பாத்தாய். குடுத்தவட முகத்தப் பாத்தியா, மகள்?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்தக் கோப்பைக்குள் என்ன நடந்தது என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். கூடவே, ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்த் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கும்போது நம் பெரியவர்கள் பழக்கித் தந்த சில ஒழுங்குகளையும், அவற்றுக்குப் பக்கத்திலேயே ஒளிந்திருக்கும் அறிவியலையும் பார்ப்போம்.

முதலில் அந்த ஏடு. எங்கள் கரையோரக் கிணறுகள் மணலில் வெட்டப்பட்டவை, ஆழம் குறைந்தவை. கடல் மணலை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். சிப்பி, மட்டி ஓடுகளின் துணுக்குகள் கலந்திருக்கும். அந்த ஓடுகள் கல்சியம் காபனேற்று என்ற பொருளால் ஆனவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் காபனீரொட்சைட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். அப்போது அது மிக மெல்லிய அமிலமாகிவிடும். அந்த அமிலம் ஓட்டுத் துணுக்குகளை அரித்துக் கல்சியத்தை நீரில் கரைத்துவிடும். இப்படிக் கல்சியம் நிறையக் கரைந்த நீரைத்தான் வன்னீர் என்கிறோம். சவர்க்காரம் போட்டால் நுரைக்காமல் அடம்பிடிக்குமே, அதே தண்ணீர்தான்.

வன்னீரில் தேயிலையைப் போட்டால், நீரிலுள்ள கல்சியமும் தேயிலையின் சாரமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் மேற்பரப்பில் ஒன்றுசேர்ந்து மெல்லிய ஏடாகப் படியும். இதை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோ என்ற இரசாயனவியல் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவரும் ஆராய்ந்து, 1993இல் 'நேச்சர்' என்ற உலகப் புகழ்பெற்ற இதழில் எழுதினார்கள். தேத்தண்ணி ஏட்டுக்கு இவ்வளவு பெரிய மரியாதையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் குசினியில் அன்றாடம் நடக்கும் ஒன்றைக் கவனித்துப் பார்க்கவும் பெரிய ஆய்வாளர்கள் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

தேசிக்காய்ச் சாற்றில் இருப்பது சித்திரிக்கமிலம். அது இரண்டு வேலை செய்தது. கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஏட்டைக் கலைத்தது. தேயிலைக்குச் சிவப்பு நிறம் தரும் பொருள்களின் நிறத்தையும் வெளிறச் செய்தது. அந்தப் பொருள்கள் அமிலத்தில் வெளிறும், காரத்தில் கறுக்கும். நீங்களே செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவரின் உதவியோடு மூன்று சிறிய கண்ணாடிக் கிளாசில் ஆறிய பிளேன்டி ஊற்றுங்கள். ஒன்றில் தேசிக்காய்ச் சாறு, இன்னொன்றில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா, மூன்றாவதில் ஒன்றும் வேண்டாம். மூன்றும் ஒரே கேத்தலில் இருந்து வந்தவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: பால் ஊற்றிய தேத்தண்ணியில் தேசிக்காய் பிழியாதீர்கள். பால் திரைந்துவிடும்.

ஆக, மாமி கோப்பையை நன்றாகத்தான் கழுவியிருந்தார். ஏடு அவர் கையிலிருந்து வரவில்லை, எங்கள் ஊர் மண்ணிலிருந்து வந்தது. அதை அறியாமல் நான் அவர் முகத்தை வாட வைத்துவிட்டேன். உம்மம்மா இரசாயனவியல் படித்தவர் இல்லை. ஆனால் தேசிக்காய் என்ன செய்யும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்கும்போதும் 'உன் தேத்தண்ணியில் குறை' என்று காட்டாமல் தன் தொண்டையின் மேல் பழியைப் போட்டுக் கேட்டார். இன்றும் நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

இனிக் கோப்பையைக் கையில் வாங்குவோம். எங்கள் ஊரில் வலது கையால் வாங்குவோம், பிஸ்மி சொல்லிக் குடிப்போம், இருந்துகொண்டு குடிப்போம். இவை நம் மார்க்கமும் மூத்தோரும் பழக்கியவை. இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிவியல் காரணத்தைத் தேடி ஒட்டவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பீரிசைச் சேர்த்துப் பிடியுங்கள், தட்டம் சுற்றி வரும்போது எழும்பி ஓடாதீர்கள் என்று உம்மா சொல்வதில் அறிவியல் இருக்கிறது. அட்டாளைச்சேனை கடல் மட்டத்தில் இருக்கிற ஊர். இங்கே தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அமுக்கம் அங்கே குறைவு. ஆகவே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். தேயிலை அந்த மலையில் வளர்கிறது, ஆனால் அங்கே கொதிப்பதைவிடச் சூடான தண்ணியில் அதை ஊறவைப்பது நாம்! 60 பாகைச் சூடுள்ள நீர்கூடச் சில வினாடிகளில் தோலை மோசமாகச் சுட்டுவிடும். சிறுவர்களின் தோல் மெல்லியது, இன்னும் விரைவாகச் சுடும். அதனால்தான் தேத்தண்ணித் தட்டம் வரும் நேரத்தில் மடியில் தம்பியை வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது.

கோப்பை கைக்கு வந்ததும் உடனே வாயில் வைக்காமல் கொஞ்சம் பொறுக்கவேண்டும். இந்தப் பொறுமையைத்தான் நான் மிகவும் பெரிதாக நினைக்கிறேன், ஆகவே இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சூடான ஒரு பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்று ஐசக் நியூட்டன் 1701இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தன் பெயரைக்கூட அதில் போடவில்லை. அவர் கண்டது இது: சுற்றியுள்ள காற்றை விட ஒரு பொருள் எவ்வளவு கூடுதலாகச் சூடாக இருக்கிறதோ, அவ்வளவு வேகமாக அது சூட்டை இழக்கும். அதாவது கொதிக்கக் கொதிக்க வந்த தேத்தண்ணி முதல் சில நிமிடங்களில்தான் விறுவிறு என்று ஆறும். பிறகு மெல்ல மெல்ல ஆறும். ஆகவே நீங்கள் நீண்ட நேரம் காத்திருக்கத் தேவையில்லை. சில நிமிடங்கள் போதும், கோப்பை அதன் பெரும் சூட்டை விட்டுவிடும்.

அந்தச் சூடு எங்கே போகிறது? கொஞ்சம் கோப்பையின் சுவர் வழியாகக் காற்றுக்குப் போகிறது. பெரும்பங்கு, மேலே எழும்புகிற ஆவியோடு போகிறது. நீர் ஆவியாக மாறப் பெருமளவு வெப்பம் வேண்டும். மறைவெப்பம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பீர்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,300 யூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். உங்கள் கோப்பையில் 150 கிராம் தேத்தண்ணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சூட்டை ஒரு பாகை குறைக்க 630 யூல் வெளியேறவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் ஆவியானால், முழுக் கோப்பையும் மூன்றரைப் பாகைக்கு மேல் ஆறிவிடும். ஒரு கிராம் என்பது மிகக் கொஞ்ச நீர்தான். உம்மா சிலவேளை கோப்பையைப் பீரிசால் மூடி வைப்பது இதற்காகத்தான். ஆவி வெளியே போகாவிட்டால் சூடும் போகாது.

எங்கள் மூத்தாப்பா தேத்தண்ணியைப் பீரிசில் ஊற்றிக் குடிப்பார். பீரிசு என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அவர்கள் மொழியில் 'பிரெஸ்'. கதிரையும் மேசையும் குசினியும் அதே கப்பலில் வந்த சொற்கள்தான். பீரிசின் குறுக்களவு கோப்பை வாயைப் போல இரண்டு மடங்கு என்றால், அதன் பரப்பளவு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். ஆவி எழும்ப நாலு மடங்கு இடம்! அதோடு தேத்தண்ணி மெல்லிய படலமாகப் பரந்து கிடக்கிறது. சில வினாடிகளில் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பீரிசில் ஊற்றிக் குடிப்பது வழக்கமாக இருந்தது. உங்கள் வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள். வேறு வீட்டில் என்றால் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

"ஊதினால் இன்னும் விரைவாக ஆறுமே?" என்று யாரோ கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆறும். கோப்பைக்கு மேலே ஈரமான காற்று ஒரு போர்வை போலத் தங்கி நிற்கும். ஊதினால் அந்தப் போர்வை விலகும், புதிய காற்று வரும், ஆவியாதல் வேகமாகும். உண்மை. ஆனாலும் ஊதக் கூடாது என்றுதான் நம் பெரியவர்கள் சொல்கிறார்கள். குடிக்கும் பாத்திரத்துக்குள் மூச்சு விடுவதையும் ஊதுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ்களில் வருகிறது. ஒரே மூச்சில் குடிக்காமல், பாத்திரத்தை வாயிலிருந்து எடுத்து இடையில் மூச்சு விட்டுக் குடிக்கவும் கற்றுத் தந்தார்கள்.

இங்கே ஒரு விசயம் சொல்லியாக வேண்டும். 'ஊதினால் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு தேத்தண்ணியில் கரைந்து அமிலமாகி உடம்பைக் கெடுக்கும்' என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. நாம் வெளிவிடும் மூச்சில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 4 வீதம்தான். சூடான நீரில் வாயு கரைவதும் மிகக் குறைவு. நாம் விரும்பிக் குடிக்கிற சோடாவில் அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கிறது. நல்ல பழக்கத்தைக் காக்கப் பொய்யான அறிவியல் வேண்டாம். உண்மையான காரணம் எளிமையானது. ஊதும்போது காற்று மட்டும் போவதில்லை, வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளிகளும் போகும். தடிமனோ இருமலோ இருந்தால் கிருமிகளும் சேர்ந்து போகும். பெருநாள் வீட்டில் உங்கள் கோப்பைக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான பலகாரத் தட்டு இருக்கிறது. கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் முகக்கவசம் போட்டது இந்தத் துளிகளுக்காகத்தானே?

சுடச்சுடக் குடிப்பதும் நல்லதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016இல், 65 பாகைக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று எச்சரித்தது. தேயிலையில் தவறில்லை, சூட்டில்தான் தவறு. ஆகவே பொறுத்திருங்கள். அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வது? விருந்தாளியின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. வீட்டுக்கார மாமியிடம் சுகம் விசாரிக்கலாம். அவர் நட்ட ரோசாச் செடியைப் பற்றிக் கேட்கலாம். மூத்தாப்பா இருந்தால் அவர் பக்கத்தில் போய் இருக்கலாம். கைபேசியை எடுத்தால் அந்த நேரம் வீணாகிவிடும். ஆவி அடங்குவதற்குள் இரண்டு பேர் இன்னும் கொஞ்சம் நெருங்கிவிடலாம்.

சீனி கலக்குவதற்கு வருவோம். கோப்பையில் கரண்டி 'டிங் டிங்' என்று முட்டாமல் கலக்கவேண்டும். கலக்கியபின் கரண்டியைக் கோப்பைக்குள் விட்டுவைக்கக் கூடாது, பீரிசில் வைத்துவிட வேண்டும். உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், உள்ளே விட்ட கரண்டி சுடும். கை தட்டுப்பட்டால் கோப்பையும் கவிழும்.

அந்த 'டிங் டிங்' சத்தத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதை உங்கள் வீட்டுக் குசினியில் மட்டும் செய்யுங்கள். ஒரு கோப்பைச் சுடுதண்ணியில் பால்மா போட்டு நன்றாகக் கலக்குங்கள். கரண்டியை எடுத்து, உடனே கோப்பையின் அடிப்பக்கத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருங்கள். காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். முதலில் தடித்த சத்தம் வரும். தட்டத் தட்டச் சத்தம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும், யாரோ ஆரோகணம் பாடுவது போல! அமெரிக்காவில் ஃபிராங்க் குரோஃபோர்ட் என்ற பௌதிகவியலாளர் 1982இல் இதை ஆராய்ந்து எழுதினார். கலக்கும்போது மாவோடு கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுக் குமிழ்கள் நீருக்குள் போய்விடும். குமிழ் நிறைந்த நீர் பஞ்சு போல அமுங்கும். அதற்குள் ஒலி மெதுவாகப் போகும், ஆகவே சத்தம் தாழ்ந்து கேட்கும். குமிழ்கள் மேலே வந்து உடைய உடைய, ஒலியின் வேகம் கூடும், சத்தமும் உயரும். மறுபடி கலக்கினால் மறுபடி முதலிலிருந்து.

கலக்கி முடித்த பிளேன்டிக் கோப்பையின் அடியைப் பார்த்திருக்கிறீர்களா? வடியில் தப்பி வந்த தேயிலைத் தூள், கோப்பையின் நடுவில் ஒரு சிறு கும்பமாகக் குவிந்திருக்கும். சுழற்றினால் பாரமானவை ஓரத்துக்குத்தானே போகவேண்டும்? ஏன் நடுவுக்கு வந்தன? இந்தக் கேள்வியை அல்பர்ட் ஐன்ஸ்டைன் 1926இல் எடுத்துக்கொண்டார். சுழலும் நீர் ஓரத்தை நோக்கித் தள்ளப்படுகிறது, அதனால் ஓரத்தில் அமுக்கம் கூடுகிறது. ஆனால் அடியில் உள்ள நீர் கோப்பையோடு உராய்வதால் வேகம் குறைந்துவிடுகிறது. வேகம் குறைந்த அந்த அடிநீரை, ஓரத்து அமுக்கம் நடுவை நோக்கித் தள்ளிவிடுகிறது. அது தேயிலைத் தூளையும் இழுத்துக்கொண்டு வந்து, தூளை அங்கே விட்டுவிட்டு மேலே எழும்புகிறது.

ஐன்ஸ்டைன் தேத்தண்ணிக்காக மட்டும் இதை எழுதவில்லை. அவர் கேட்டது, ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்பது. ஆற்றின் வளைவிலும் இதே கதைதான். மேல்நீர் வெளிக்கரையில் மோதி அதை அரிக்கிறது. அடிநீர் மணலைச் சுமந்துகொண்டு உட்கரைக்கு வந்து கொட்டுகிறது. ஆகவே வளைவு நாளுக்கு நாள் இன்னும் வளைகிறது. அடுத்த முறை ஒலுவில் பக்கம் போகும்போது களியோடை ஆற்றின் ஒரு வளைவில் நின்று பாருங்கள். எந்தக் கரை அரிபட்டிருக்கிறது, எந்தக் கரையில் மணல் சேர்ந்திருக்கிறது என்று. உங்கள் கோப்பைக்குள் நடந்தது அங்கே பெரிதாக நடந்துகொண்டிருக்கும். தூள் இப்படி அடியில் குவிந்து கிடப்பதால், கடைசி மிடறைச் சாய்த்து உறிஞ்சாமல் கோப்பையில் கொஞ்சம் விட்டுவைப்பதில் தப்பில்லை. அதற்காகப் பாதிக் கோப்பையை விட்டுவைக்காதீர்கள்.

ஏன் என்றால், அந்தப் பாதிக்குப் பின்னால் நெடிய கதை இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வியாபாரத்துக்கான தேயிலை அங்கேதான் தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து ஒரு பூஞ்சண நோய் வந்து கோப்பித் தோட்டங்களைத் தின்னத் தொடங்கியது. கோப்பி போன இடங்களில் தேயிலை வந்தது. அதை நட்டவர்களும் பறித்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து, குளிரிலும் அட்டைக் கடியிலும் மலையேறிய மக்கள். இன்றும் மலைநாட்டுத் தோட்டங்களில் அவர்களின் வழிவந்தவர்கள் பலர் கொழுந்து பறிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி நசுக்கி, காற்றுப்பட வைப்பார்கள். நசுங்கிய இலையிலுள்ள நொதியமும் ஒட்சிசனும் சேர்ந்து பச்சையைச் செம்புநிறமாக்கும். வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இப்படித்தான். பிறகு சூட்டில் உலர்த்துவார்கள். மலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்த ஒன்றை மாமி உங்கள் கையில் தருகிறார்.

வேண்டாம் என்று சொல்லவே கூடாதா? சொல்லலாம். எப்போது, எப்படி என்பதில்தான் விசயம். சீனி வருத்தம் உள்ள பெரியவர்கள், மாமி குசினிக்குள் போகும்போதே "எனக்குச் சீனி போடாதீங்க" என்று சொல்லிவிடுவார்கள். போட்டுக் கலக்கிக் கொண்டுவந்த பிறகு சொன்னால் ஒரு கோப்பை வீணாகும், கொண்டுவந்தவரின் மனமும் சங்கடப்படும். பகல் சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி வந்தால் "கொஞ்சம் பொறுத்துக் குடிக்கிறேன், மாமி" என்று சொல்லலாம். தேயிலையின் சாரம் கீரை, பருப்பிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் நல்லது, வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது. பெருநாளில் ஏழாவது வீட்டுக்குப் போகும்போது வயிற்றில் இடம் இருக்காது. "அரைக் கோப்பை தாங்க, மாமி" என்று முன்கூட்டியே கேட்டு வாங்கி, அதை முழுவதும் குடியுங்கள்.

தேநீர்க் கோப்பையை வேண்டாம் என்று சொன்ன ஒருவரால் அறிவியலே ஒரு படி மேலே போன கதையும் உண்டு. 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மாலைத் தேநீர் நேரம். ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளிவிபரவியலாளர், பாசிகளை ஆராயும் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணிக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். அவர் வாங்கவில்லை. பாலை முதலில் ஊற்றிப் பிறகு தேநீரை ஊற்றினால்தான் தனக்குப் பிடிக்கும் என்றார். எது முதலில் என்று குடித்துப் பார்த்தே சொல்லமுடியுமா? முடியும் என்றார் அவர். அங்கிருந்தவர்கள் கோபிக்கவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றார்கள்.

ஃபிஷர் 1935இல் எழுதிய புத்தகத்தில் இந்தச் சோதனையை விளக்கினார். எட்டுக் கோப்பைகள். நாலில் பால் முதலில், நாலில் தேநீர் முதலில். ஒழுங்கில்லாமல் கலைத்து ஒவ்வொன்றாகக் கொடுக்கவேண்டும். பால் முதலில் ஊற்றிய நாலையும் அந்தப் பெண்மணி பொறுக்கி எடுக்கவேண்டும். ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் எடுத்தால் நாலும் சரியாக அமைய என்ன வாய்ப்பு? எட்டில் நாலைத் தெரிவு செய்ய 70 விதங்கள் உண்டு. 8, 7, 6, 5 ஆகியவற்றைப் பெருக்கி, 4, 3, 2, 1இன் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். அதில் ஒரே ஒரு விதம்தான் முழுவதும் சரி. ஆகவே நாலையும் சரியாக எடுத்தால் அதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. பிரிஸ்டல் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்றே பிற்காலத்தில் சொல்லப்பட்டது. இன்று ஒரு புதிய மருந்து வேலை செய்கிறதா, ஒரு புதிய நெல் அதிகம் விளைகிறதா என்று சோதிக்கும் முறைகளுக்குள் ஃபிஷர் வகுத்த அந்த யோசனை இருக்கிறது. நம் வயலில் விதைக்கும் நெல்லினங்களும் இப்படிப்பட்ட சோதனைகளைத் தாண்டித்தான் வருகின்றன.

அந்தக் கதையைப் படித்தபோது எனக்கு மாமி வீட்டு விறாந்தைதான் நினைவுக்கு வந்தது. பிரிஸ்டலும் கோப்பையில் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். ஒன்பது வயதில் நானும் கவனித்துச் சொன்னேன். கவனித்ததில் தப்பில்லை. 'ஏன் இப்படி இருக்கிறது?' என்று நான் கேட்டிருந்தால், மாமியே தன் கிணற்றைப் பற்றி எத்தனையோ சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

உம்மம்மா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. போன பெருநாளில் என் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மாமிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, பேத்திதான் தேத்தண்ணி ஊற்றினாள். வீட்டுக்குக் குழாய்த் தண்ணி வந்துவிட்டது, கிணற்றைப் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். கோப்பையைக் குனிந்து பார்த்தேன். ஏடு இல்லை, சாயம் தெளிவாக இருந்தது. என் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆவி அடங்கட்டும் என்று மாமியிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தேசிக்கா வெச்சாயா?" என்று மாமி குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டார். "அவட உம்மம்மாக்கு அது இல்லாட்டிச் சரிவராது."

பேத்தி ஒரு பீரிசில் வெட்டிய தேசிக்காயைக் கொண்டுவந்து வைத்தாள். நான் எடுத்து இரண்டு கோப்பையிலும் பிழிந்தேன்.